முத்துலட்சுமி ரெட்டியின் சட்டமும் மாத்தம்மாவின் பிள்ளைகளும்

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகள் வரிசையில் நிற்கும் காலைகளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர் பலமுறை ஒலிக்கிறது. அங்கே அது ஒரு பணத்தின் பெயர். தமிழ்நாடு அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரைத் தாங்கியிருப்பதால், தவணை வந்துவிட்டதா, இன்னும் வரவில்லையா என்ற விசாரிப்போடு அந்தப் பெயர் கலந்துவிட்டது. அதே வரிசையில் நிற்கும் பெண்ணின் கையிலிருந்து எடுக்கப்படும் ரத்தம் எச்.ஐ.வி.க்காகவும் சிபிலிஸுக்காகவும் சோதிக்கப்படுகிறது. தாய்க்கு சிபிலிஸ் இருப்பது உரிய காலத்தில் தெரிந்தால், பென்சிலின் ஊசி வயிற்றுப் பிள்ளையைக் காப்பாற்றிவிடும். ஒரு பெண்ணைக் குற்றவாளியாக்காமல், அவளை எங்கும் அடைத்துவைக்காமல், பால்வினை நோயைத் தடுக்கும் முறை இது. இந்த எளிய நிலைக்கு வந்துசேர அரசுகளுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த நூற்றாண்டின் பெரும்பகுதியை முத்துலட்சுமியின் வாழ்க்கை தழுவி நிற்கிறது. அவருடைய வெற்றிகளை நாம் அறிவோம், பாடநூல்கள் சொல்கின்றன. அவருடைய சட்டங்கள் யாரைச் சென்றடைந்தன, யாருடைய தெருவுக்கு முன்பாகவே நின்றுவிட்டன என்பதையும் சேர்த்தே அவர் கதையைச் சொல்ல வேண்டும் என்பது நம் கருத்து.

அவர் புதுக்கோட்டையில் 1886 ஜூலை 30 அன்று பிறந்தார். அதே 1886-இல்தான் பிரிட்டன் தன் தொற்றுநோய்ச் சட்டங்களை நீக்கியது. ராணுவ வீரர்களுக்கு மேகநோய் பரவாமல் காக்கிறோம் என்ற பெயரில் 1864 முதல் அங்கே இயற்றப்பட்ட அச்சட்டங்கள், பாசறை ஊர்களில் வாழ்ந்த பெண்களைப் பிடித்துக் கட்டாயமாகச் சோதிக்கவும், நோயிருந்தால் அடைத்துவைக்கவும் காவல்துறைக்கு அதிகாரம் தந்தன. ஜோசஃபின் பட்லர் என்ற பெண்மணி பல ஆண்டுகள் போராடி அவற்றை ஒழித்தார். அதே சட்டத்தின் இந்திய வடிவம் 1868-இல் வந்து, 1888-இல் நீங்கியது.

இது எங்கோ நடந்த கதையன்று. பூந்தமல்லி அப்போது ஒரு ராணுவ நிலையம். கப்பலில் வந்திறங்கிய வெள்ளைச் சிப்பாய்கள் தங்கவைக்கப்பட்ட ஊர். கண்டோன்மென்ட் என்ற பெயர் இன்றும் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. சென்னை மாகாணத்தின் பாசறை ஊர்களில் கம்பெனி ஆட்சிக் காலம் தொட்டே லாக் ஆஸ்பத்திரிகள் என்றழைக்கப்பட்ட மருத்துவமனைகள் வந்து போய்க்கொண்டிருந்தன. பெயர் மருத்துவமனை, வேலை சிறை. பதிவேட்டில் பெயர் எழுதப்பட்ட பெண்கள் குறித்த நாளில் சோதனைக்கு வந்தாக வேண்டும், வராவிட்டால் தண்டனை. அந்தப் பதிவேடுகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள், ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். பாசறையில் கூலி வேலை செய்தவர்கள்மீதும் இந்தச் சந்தேகக் கண் விழுந்தது. நோயைக் கொண்டுவந்தவனுடைய உடல் அரசின் சொத்து, அதைக் காக்க வேண்டும். அவனுக்குப் படுக்கை தந்தவளுடைய உடல் நோயின் இருப்பிடம், அதைப் பூட்ட வேண்டும். இதுவே அச்சட்டத்தின் தர்க்கம். சித்த மருத்துவம் ஒரு புண்ணுக்குப் பறங்கிப்புண் என்றும் அதற்கான மருந்துக்குப் பறங்கிப்பட்டை என்றும் பெயர் வைத்தது. யாரிடமிருந்து வந்தது என்பதில் நம் மக்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை. மேலும், அக்காலத்து மருந்தான பாதரசம் நோயைக் குணமாக்கவில்லை. பூட்டி வைத்ததால் நோயும் குறையவில்லை. பிடிபடும் அச்சத்தில் பெண்கள் பாசறைகளை விட்டு ஓடி ஒளிந்தார்கள்.

முத்துலட்சுமியின் தந்தை நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். தந்தையின் சாதி அந்த உறவை ஏற்கவில்லை. தாயின் உறவினர்களோடு வளர்ந்த சிறுமிக்கு, கோயிலுக்குப் பொட்டுக் கட்டப்படுவது என்றால் என்ன என்பதைப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை இருக்கவில்லை. ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதை மீறி அனுமதித்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார்.

அந்த ஐந்தாண்டுகள் மருத்துவ வரலாற்றில் தனிச் சிறப்புடையவை. சிபிலிஸுக்குக் காரணமான நுண்ணுயிரி 1905-இல் கண்டறியப்பட்டிருந்தது. ரத்தத்தில் அதைக் கண்டுபிடிக்கும் வாஸர்மன் சோதனை 1906-இல் வந்தது. 1910-இல் சால்வர்ஸான் என்ற மருந்து விற்பனைக்கு வந்தது. பெற்ற பாவத்தின் கூலி என்று பேசப்பட்டுவந்த ஒரு நோய், சோதனைக் குழாயிலும் ஊசியிலும் அடங்கத் தொடங்கியபோது முத்துலட்சுமி மாணவி. நாம் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிற்காலத்தில் தேவதாசி முறைக்கெதிராக அவர் பேசியபோதெல்லாம் இரண்டு குரல்கள் அவரிடமிருந்து எழுந்தன. ஒன்று இந்த மருத்துவரின் குரல். மற்றது ஒழுக்கத்தின் குரல். இரண்டும் எப்போதும் ஒத்துப்போகவில்லை.

எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் பணி. 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியோடு திருமணம். தன்னைச் சமமாக நடத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு செய்துகொண்ட திருமணம் அது. மகளிர் நோய், குழந்தை நோய் சார்ந்த மேற்படிப்புக்கு 1925-இல் இங்கிலாந்து சென்றார். திரும்பி வந்ததும், இந்திய மாதர் சங்கத்தின் பரிந்துரையின்பேரில் சென்னைச் சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டார். அவையின் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1927 முதல் 1930 வரையிலான அந்தக் குறுகிய காலத்தில் அவர் செய்தவை ஏராளம். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை, பெண்ணின் திருமண வயதை உயர்த்துவது என்று அடுக்கிக்கொண்டே போகலாம். நமக்கு இங்கே வேண்டியவை இரண்டு.

முதலாவது, தேவதாசி முறை ஒழிப்பு. 1927 நவம்பரில் அதற்கான தீர்மானத்தைக் கொண்டுவந்தார். சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவது அவர்களைப் பரத்தமைக்குள் தள்ளுகிறது என்பதும், அதன் விளைவான மேகநோய் அப்பெண்களையும், வீட்டிலிருக்கும் மனைவியரையும், பிறக்கும் குழந்தைகளையும் அழிக்கிறது என்பதும் அவருடைய வாதங்களில் அடங்கும். சத்தியமூர்த்தி போன்ற காங்கிரஸ் தலைவர்கள் கலை, மரபு என்று எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பின் சாதிய உள்ளடக்கத்தைப் பற்றி இத்தளத்தின் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. யாருடைய மகள் ஆட வேண்டும், யார் பார்க்க வேண்டும் என்பதே அங்கே கேள்வி.

ஆனால் எதிர்த்தவர்கள் அவர்கள் மட்டுமல்லர். தேவதாசிப் பெண்களே சங்கமாகத் திரண்டு அரசுக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற கலைஞர்கள் அவர்களோடு நின்றார்கள். தங்கள் அனைவரையும் வேசியர் என்று ஒரே சொல்லில் அடக்குவதை அவர்கள் ஏற்கவில்லை. சொத்துரிமையும் கல்வியும் உடைய பெண்கள் என்று தங்களை முன்வைத்தார்கள். முத்துலட்சுமி அவர்களுடைய வாதத்தை மதித்து உரையாடியதாகச் சொல்ல முடியாது. தன் தாயின் மரபிலிருந்து தப்பி வந்த ஒருவருக்கு அந்த மரபைக் காக்கும் குரல் காதில் ஏறாமல் போனதை நாம் புரிந்துகொள்ள முடிகிறது. புரிந்துகொள்வதும் சரியென்று ஒப்புவதும் வேறு. மறுபுறம், அதே மரபில் வளர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் சுயமரியாதை இயக்க மேடைகளில் நின்று இம்முறையை வேரோடு எதிர்த்தார் என்பதையும் மறக்கலாகாது. பாதிக்கப்பட்டவர்கள் ஒரே குரலில் பேசுவார்கள் என்று எதிர்பார்ப்பதே மேலிருந்து பார்ப்பவர்களின் பழக்கம்.

1929-இல் இந்து அறநிலையச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் முத்துலட்சுமியின் பெரிய வெற்றி. தேவதாசிகள் கோயில் ஊழியத்துக்காக அனுபவித்துவந்த இனாம் நிலங்கள் ஊழியக் கட்டாயத்திலிருந்து விடுவிக்கப்பட்டன. ஆடாவிட்டால் நிலம் போய்விடும் என்ற விலங்கு அறுந்தது. தெளிவான பொருளியல் பார்வை கொண்ட சட்டம் இது. பெண்ணைத் தண்டிக்காமல், அவளைக் கட்டிவைத்த கயிற்றை மட்டும் வெட்டியது. ஆனால் இனாம் நிலம் யாரிடம் இருந்தது? பெரிய கோயில்களைச் சார்ந்த சாதிகளிடம் இருந்தது. நிலமே இல்லாத சேரியில், கோபுரமே இல்லாத ஒரு சிறு அம்மனுக்கு நேர்ந்துவிடப்பட்ட பெண்ணுக்கு அந்தத் திருத்தத்தில் எதுவும் இல்லை. இதற்குப் பிறகு வருகிறோம்.

இரண்டாவது, பரத்தமை விடுதிகளை ஒடுக்கும் சட்டம். அது 1930-இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. அதற்காக அவையில் வலுவாக வாதாடியவர்களில் முத்துலட்சுமி ஒருவர். இங்கே அவர் நின்ற இடம் பழைய லாக் ஆஸ்பத்திரி முறைக்கு நேர் எதிரானது. பதிவேடு, உரிமம், கட்டாயச் சோதனை ஆகியவற்றின் மூலம் அரசே பரத்தமையை ஒழுங்குபடுத்துவதை பட்லர் வழிவந்த இயக்கத்தினர் ஏற்கவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஒழுக்க நெறி என்பது அவர்கள் கொள்கை. முத்துலட்சுமியும் அதையே வலியுறுத்தினார். விடுதி நடத்துபவரையும் சிறுமிகளை விற்பவரையும் பிடிப்பதே நோக்கம். நோக்கம் நல்லது. ஆனால் ஒழுக்கத்தைக் காக்கும் பொறுப்பைக் காவல்துறையிடம் ஒப்படைக்கும் எந்தச் சட்டமும் கடைசியில் யாருடைய தலைமயிரைப் பிடித்து இழுக்கும் என்பதைத் தெருவில் வாழ்கிறவர்கள் அறிவார்கள். விடுதிக்காரர் ஜாமீனில் போவார். பெண் மீட்பு இல்லத்துக்குப் போவாள். மீட்பு என்பதும் அடைப்பு என்பதும் ஒரே கட்டடமாகிவிடும்.

அதே 1930-இல் காந்தி கைது செய்யப்பட்டதைக் கண்டித்து முத்துலட்சுமி பதவி விலகினார். பொட்டுக்கட்டும் சடங்கையே தடைசெய்வதற்கு அவர் கொண்டுவந்த மசோதா கிடப்பில் விழுந்தது. அந்த நாள்களில்தான் தேவதாசி மரபிலிருந்து தப்பி வந்த இளம்பெண்கள் மூவர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள நகரத்தின் விடுதிகள் தயாராக இல்லை. தம் வீட்டிலேயே அவர்களுக்கு இடம் தந்தார். அதுவே ஔவை இல்லமாயிற்று. பின்னர் அடையாறுக்கு மாறியது. சாதி பார்க்காமல் பெண் குழந்தைகளைச் சேர்த்துப் படிக்கவைத்தது. அவருடைய வாழ்க்கையில் நாம் மிக உயர்வாக மதிப்பது இதைத்தான். சட்டம் தடைசெய்வதோடு நின்றுவிடுகிறது. தடைசெய்யப்பட்ட வாழ்க்கையிலிருந்து வெளியே வருகிறவள் அன்றிரவு எங்கே படுப்பாள் என்ற கேள்விக்கு அவர் தன் வீட்டுத் திண்ணையில் விடை தேடினார்.

இதே காலத்தில் பம்பாயில் நடந்த ஒன்றை இங்கே நினைவுகூரலாம். 1936 ஜூனில், மதம் மாறும் அறிவிப்புக்குப் பின், காமாட்டிபுரத்துப் பெண்களும் தேவதாசிகளும் ஜோகினிகளும் கூடிய கூட்டத்தில் அம்பேத்கர் பேசினார். அந்த வாழ்க்கையை விட்டு வெளியே வரும்படி அவர் கேட்டதும் கடுமையான மொழியில்தான். அவரும் ஒழுக்கத்தின் சொற்களைக் கையாண்டார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அப்பெண்கள் எந்தச் சாதிகளிலிருந்து வருகிறார்கள், ஏன் அந்தச் சாதிகளிலிருந்தே வருகிறார்கள் என்பதை அவர் ஒருபோதும் விட்டுவிடவில்லை. 1938-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அவருடைய கட்சி குடும்பக் கட்டுப்பாட்டை அரசின் கடமையாக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தது. பெண்ணின் உடல்நலத்தை அவளுடைய கட்டுப்பாட்டில் வைக்கும் கருவிகளைப் பற்றிச் சட்டமன்றத்தில் பேசிய தொடக்க முயற்சிகளில் அதுவும் ஒன்று. தீர்மானம் தோற்றது.

முத்துலட்சுமியின் பிந்தைய வாழ்க்கையைச் சுருக்கிச் சொல்லலாம். சென்னை மாநகராட்சியின் ஆல்டர்மேன் பொறுப்பு, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, 1956-இல் பத்மபூஷண், 1968 ஜூலை 22 அன்று மறைவு. தங்கை புற்றுநோயில் இறந்த துயரத்திலிருந்து பிறந்த அந்த மருத்துவமனை தனிக் கட்டுரைக்கு உரியது. இன்று அவருடைய பிறந்தநாளைத் தமிழ்நாடு அரசு மருத்துவமனை தினமாகக் கடைப்பிடிக்கிறது.

பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் 1947-இல் நிறைவேறியது. அதே நாற்பதுகளில்தான் பென்சிலின் சிபிலிஸை முழுமையாகக் குணப்படுத்தும் என்பதும் உறுதியாயிற்று. சட்டமும் மருந்தும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கைக்கு வந்தன. சட்டம் கைக்கு வந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று மேல்தட்டுச் சமூகம் முடிவுகட்டியது. சதிர் பரதநாட்டியமாகிச் சபாக்களுக்குப் போயிற்று. தேவதாசி என்பது பழைய கதையாயிற்று.

ஆவடியில் மின்ரயில் ஏறித் திருவள்ளூரைக் கடந்து மேற்கே போனால் திருத்தணி வரும். அந்த வட்டாரத்திலும் பள்ளிப்பட்டுப் பக்கத்திலும் ஆந்திரத்தின் சித்தூர்ப் பகுதியிலும் அருந்ததியர் குடியிருப்புகளில் மாத்தம்மாவுக்குப் பெண் குழந்தைகளை நேர்ந்துவிடும் வழக்கம் இருக்கிறது. அம்மனுக்குத் தாலி கட்டப்பட்ட சிறுமி பின்னர் யாரையும் மணக்கக் கூடாது. திருவிழாவில் ஆடுவாள். வளர்ந்தபின் அவளை அணுகும் ஆண்களுக்கு எந்தக் கடமையும் இல்லை. பிறக்கும் பிள்ளைகள் அவளுடைய பாடு. 2017-இல் தேசிய மனித உரிமை ஆணையம் தமிழ்நாடு, ஆந்திர அரசுகளுக்கு இதுகுறித்து நோட்டீஸ் அனுப்பியது. முத்துலட்சுமியின் கனவுச் சட்டம் நிறைவேறி அப்போது எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

குழந்தை ஏன் நேர்ந்துவிடப்படுகிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் குழந்தைக்கு நோய் கண்டபோது செய்யப்படும் வேண்டுதல் அது. காய்ச்சல் இறங்கினால், பிள்ளை பிழைத்தால், உனக்கே தருகிறேன் தாயே என்பது நேர்த்தி. மருத்துவர் எட்டாத தூரத்தில் இருந்த ஒரு சாதி தன் குழந்தையின் உயிருக்குக் கொடுத்த விலை இது. மேகநோய் பரவக் காரணம் இப்பெண்கள் என்று ஒழுக்கவாதிகள் சொன்னார்கள். இப்பெண்கள் உருவானதற்கே மருத்துவம் மறுக்கப்பட்டது ஒரு காரணம் என்று நாம் சொல்கிறோம். நூறாண்டுக்கு முன் குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று அவையில் கேட்ட முத்துலட்சுமி, தேவதாசி முறையை ஒழிக்கக் கேட்ட முத்துலட்சுமியைவிட இந்தச் சிறுமிகளுக்கு நெருக்கமானவர் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஒழுக்கச் சட்டத்தின் மறுபக்கம் 1986-இல் வெளிப்பட்டது. முத்துலட்சுமி படித்த அதே சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் உறுதிப்பட்டன. ரத்தம் எடுக்கப்பட்டது மயிலாப்பூர் காப்பு இல்லத்திலிருந்த பெண்களிடம். பரத்தமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பிடிபட்டு அங்கே வைக்கப்பட்டவர்கள் அவர்கள். ஆய்வு அரியது, அதைக் குறைத்து மதிப்பிட மாட்டோம். பிறகு நடந்ததுதான் வேதனை. தொற்று இருந்த பெண்கள் தண்டனைக் காலம் முடிந்தும் விடுவிக்கப்படவில்லை. 1990-இல் பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகே அவர்கள் வெளியே வந்தார்கள். லாக் ஆஸ்பத்திரிச் சட்டம் நீங்கி நூறாண்டு கடந்திருந்தது. பூட்டு மட்டும் அப்படியே இருந்தது.

அதற்குப் பின் வழி மாறியது. 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தொடங்கப்பட்டது. லாரி ஓட்டுநர்களிடமும் பாலியல் தொழிலாளர்களிடமும் அவர்களைச் சேர்ந்தவர்களே ஆணுறையோடும் தகவலோடும் போனார்கள். பெயர் வெளியாகாமல் சோதித்துக்கொள்ள நம்பிக்கை மையங்கள் வந்தன. ஒருவரின் ஒப்புதலின்றிச் சோதிக்கக் கூடாது, தொற்றைக் காரணம் காட்டி வேலையிலோ மருத்துவமனையிலோ ஒதுக்கக் கூடாது என்பதை 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் உரிமையாக்கியது. பாலியல் தொழிலாளர்களைக் காவல்துறை கண்ணியத்தோடு நடத்த வேண்டும் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆயினும் பொது இடத்தில் அழைத்தாள் என்று பெண்ணையே தண்டிக்கும் பிரிவு 1956-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தில் இன்றும் நீடிக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றி ஊர்விட்டு வந்து அறையெடுத்துத் தங்கியிருக்கும் பெண்களும் ஆண்களும், சோதனைக்குப் போனால் யார் பார்ப்பார்களோ என்று தயங்குவதற்கு இந்தத் தண்டனைச் சட்டத்தின் நிழலும் ஒரு காரணம்.

மீண்டும் அந்தக் காலை வரிசைக்கு வருவோம். முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான நிதியுதவி, பத்தொன்பது வயது நிரம்பியவர்களுக்கு, முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டுமே கிடைக்கும். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கவும் சிறு குடும்பத்தை ஊக்குவிக்கவும் வைத்த நிபந்தனை என்று அரசு சொல்லும். பதினேழு வயதில் கருவுற்று நிற்கும் மாத்தம்மாவின் பெண்ணுக்கு அந்தப் பணம் கிடையாது. மூன்றாம் பிள்ளையைச் சுமக்கும் அவளுடைய அக்காவுக்கும் கிடையாது.